மண் தின்னாத சீலை

தேவசிகாமணியைப் புதைக்க மகளின் குழியையே திறந்தார்கள். வாழவந்திக் கல்லறைத் தோட்டத்தில் வேறு இடமில்லை. "குழிக்குள்ள ஏதோ சீலை கெடக்குதாமுங்க" என்று வெட்டியவர்கள் ஆளனுப்பியதும், இன்பமேரி புருஷன் பிணத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

எட்டு வருஷத்துக்கு முன், செத்துப்போன மகள் ஆன்மேரியைக் குளிப்பாட்டி உடுத்தியவள் அவள்தான். ஊர் பார்க்க மேலே வெள்ளைப் பருத்தி அங்கி. உள்ளே, கதவைச் சாத்திக்கொண்டு, கிளிப்பச்சை நைலக்ஸ் சேலை ஒன்றைச் சுற்றியிருந்தாள். ஆன்மேரி விரும்பிய தலைச்சோலை ஊர்த் தனபால் கல்யாணத்துக்கென்று வாங்கிக் கொடுத்த சேலை. 'மலைக்காரனுக்கு எங்க ஊட்டுப் பொண்ணு கேக்குதா' என்று அவனைக் காப்பிக்காட்டில் போட்டு மிதித்தவன் அவள் அண்ணன் கிங்ஸ்டன். அடுத்த நாளே அவள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள். வாழும்போது கட்ட முடியாததைச் செத்தாவது கட்டிக்கொண்டு போகட்டும் என்று தாய் நினைத்தாள். மண்ணுக்குள் போனால் எல்லாம் மண்தானே என்று தைரியமாக இருந்தாள்.

அங்கி போயிருந்தது. பெட்டி போயிருந்தது. மகள் எலும்பாகியிருந்தாள். செம்மண்ணை உதறியதும், சேலை மட்டும் நேற்று உடுத்தியது போலப் பச்சையாய்க் கிடந்தது.

"நைலக்ஸுங்க. ஆளு போயிருவாங்க, இது போவாது. போன மாசங்கூட ரோஸ் கலர்ல ஒண்ணு வந்துச்சு" என்றார் குழி வெட்டும் ஆரோக்கியதாஸ்.

கிங்ஸ்டன் தாயின் பக்கம் திரும்பினான்.

"இத அடுப்புல போடச் சொல்லித்தான உங்கிட்டக் குடுத்தேன்? எரிச்சுட்டேன்னு சொன்னியேம்மா?"

இன்பமேரி குழி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எங்கப்பனை இவகூடப் படுக்க வெக்க மாட்டேன். ஏனுங்க, எலும்ப அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டுங்க."

ஆரோக்கியதாஸ் மண்வெட்டியைக் கீழே வைத்தார். வழக்கமாக எலும்பை வெள்ளைத் துணியில் கட்டித் தலைமாட்டில் வைத்துவிட்டு, அதன்மேல் பெட்டியை இறக்குவார்கள்.

"அந்தச் சீலையிலயே கட்டுங்க" என்றாள் இன்பமேரி. "இல்லீன்னா அப்பனும் மேலயே கெடக்கட்டும். ஊட்டுல இருந்து பெட்டிய எடுக்க உட மாட்டேன்."

கிங்ஸ்டன் குழிக்குள் குதித்தான். சேலையின் ஒரு முனையை மிதித்துக்கொண்டு, மறுமுனையைக் கையில் சுற்றிக் கிழிக்க இழுத்தான். கிழியவில்லை. மறுபடி இழுத்தான். கயிறாய் முறுக்கிக்கொண்டு அது அவன் உள்ளங்கையை அறுத்தது. பச்சையில் சிவப்புப் படர்ந்தது. அவன் விடவில்லை, மூச்சு இரைக்க இரைக்க இழுத்துக்கொண்டே இருந்தான்.