மிதிக்கும் முன் ஒரு சொல்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் ஆறு பெண்கள், ஆறு மொழிகள். தமிழ் பேசுகிறவளுக்கு அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. விரிப்பு மடிக்கும் வியட்நாம்காரி முதல் ஈரத்துணி வண்டி தள்ளும் நேபாளக்காரி வரை எல்லோர் வாயிலும் அவள் அக்காதான். ஒருவர் மட்டும் மூன்று வாரமாக அவளை ‘மேடம்’ என்று கூப்பிட்டார். வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தத் தங்கையின் புருஷன். மேற்பார்வையாளர் நாற்காலி கிடைத்ததும் மாப்பிள்ளைக்குத் தமிழ் மறந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் எப்படியோ நினைவுக்கு வந்துவிடும்.

கூடத்தின் நடுவில் இஸ்திரி இயந்திரம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மூடி போட்ட, கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் பெரிய உருளை. ஒருத்தி முன்பக்கம் நின்று விரிப்பின் ஓரத்தை அதன் வாயில் வைப்பாள். இன்னொருத்தி பின்பக்கம் நின்று மிதியை மிதிப்பாள், உருளை இறங்கித் துணியை இழுத்துக்கொள்ளும். மிதிக்கிறவளுக்கு முன்னால் நிற்பவளின் கை தெரியாது. பச்சை விளக்கு ஒன்று உண்டு. இயந்திரம் தயார் என்று அது சொல்லும். கை வெளியே வந்துவிட்டதா என்பது அதற்கு எங்கே தெரியப்போகிறது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பச்சையை நம்பித்தான் அக்கா மிதித்தாள். வியட்நாம்காரியின் இரண்டு விரல் நுனிகள் போயின. தப்பு உன்னுடையது இல்லை என்று அவளே கட்டிப்பிடித்துச் சொன்னாள். சொன்னால் ஆச்சா? மிதித்த கால் யாருடையது?

அதற்குப் பிறகு ஆறு பேரும் கூடி ஒரு சொல்லை வைத்துக்கொண்டார்கள். கையை எடுத்ததும் முன்னால் நிற்பவள் ‘மா’ என்பாள். அது காதில் விழாமல் மிதியில் கால் படக் கூடாது. நீளமான சொற்களையெல்லாம் முதலில் முயன்று பார்த்தார்கள்தான். ஒருத்தியின் சொல்லை இன்னொருத்தி கடித்துத் துப்ப, சிரித்துச் சிரித்து, எந்த நாக்கும் சுளுக்கிக்கொள்ளாத இந்த ஒன்றில் வந்து நின்றார்கள். அன்றிலிருந்து யார் கையிலும் ஒரு கீறல் கிடையாது.

திங்கட்கிழமை காலை மாப்பிள்ளை ஆறு தாள்களோடு வந்தார். இனி வேலையிடத்தில் அலுவலக மொழி தவிர வேறு எந்தச் சொல்லும் கூடாதாம். விளக்கை மட்டும் பார்த்து மிதிக்க வேண்டுமாம். சம்மதித்துக் கையெழுத்துப் போடாதவர்கள் மதியத்தோடு வீட்டுக்குப் போகலாமாம். அக்காவின் சம்பளத்தில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பது அவருக்குத் தெரியாததா?

எதையோ கத்துகிறீர்களே, அதற்கு என்னதான் அர்த்தம் என்று வரிசையாக ஒவ்வொருத்தியையும் கேட்டார். எங்கள் மொழியில் பேய் என்றாள் வியட்நாம்காரி. ‘ஆனால்’ என்றாள் இத்தாலிக்காரி. மேலே ஏதோ சொல்லப்போகிறாள் என்று அவர் காத்திருந்தார், அவள் சொல்லி முடித்திருந்தாள். ஹங்கேரிக்காரிக்கு அது ‘இன்று’. நேபாளக்காரிக்கு ‘நான்’. கொஞ்சம் இழுத்தால் தண்ணீர் என்றாள் அரபு பேசுகிறவள். தமிழில் பெற்றவளையும் மா என்போம், பெற்ற மகளையும் மா என்போம். அதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரே குஷி. ஒரு சொல்லுக்கு ஆறு அர்த்தம், இதை நம்பியா இவ்வளவு ஆபத்தான இயந்திரத்தை ஓட்டுகிறீர்கள் என்று தாள்களைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“அவங்கவங்க வீட்டுல ஆயிரம் அர்த்தம் இருக்கட்டும்,” என்றாள் அக்கா, தமிழில், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “இந்த மிஷின் முன்னால ஒரே அர்த்தம்தான். கை வெளிய இருக்கு, மிதி. அவ்வளவுதான்.”

அவர் பேனாவை நீட்டினார்.

“கையெழுத்துப் போட முதல்ல கை வேணும், மாப்பிள்ளை. நான் போடமாட்டேன்.”

மற்ற ஐந்து பேருக்கும் தமிழ் புரியவில்லை. அவள் பேனாவைத் தள்ளிய விதம் புரிந்தது. ஐவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் யாரும் வேண்டாம், நானே மிதிக்கிறேன் என்று விறுவிறுவென்று பின்பக்கம் போனார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் முன்னால் வந்து, ஒரு விரிப்பை உதறி, ஓரத்தை வாயில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

உருளை இறங்கவில்லை. மூடிக்கு அடியில் இருந்த இடுக்கில் அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அது மிதிக்கு மேலே எழுந்தது, அப்படியே நின்றது, தரைக்குத் திரும்பியது. மறுபடியும் எழுந்தது. விளக்கு எரிகிறது மேடம் என்று அலுவலக மொழியில் ஒரு குரல் வந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. ‘மா’ என்று சொல்லக் கூடாது என்பதுதானே அவருடைய சட்டம்?

“அக்கா, கையை எடுத்துட்டீங்களா?”

தமிழ். இந்தக் கூடத்தில் மூன்று வாரத்தில் முதல் தடவை.

“சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியல.”

அடுத்த நிமிஷம் அவர் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். அக்கா இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முகமெல்லாம் வியர்வையாக அவர் அந்தக் கைகளையே பார்த்தார். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாவத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

“மேல கேட்டா நான் என்னக்கா சொல்றது?” என்றார் தணிந்த குரலில்.

“மேல இருக்கிறவரை இங்க வரச் சொல்லுங்க. மிதியில அவர் கால் இருக்கட்டும், உருளை வாயில என் கை இருக்கட்டும். பச்சையைப் பார்த்து அவரே மிதிக்கட்டும்.”

மாப்பிள்ளை கையெழுத்து விழாத ஆறு தாள்களையும் பொறுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். ஐந்து பேரும் வந்து அவளை ஒட்டி நின்றார்கள். மதியமானாலும் அங்கிருந்து நகர்வதாக அவளுக்கு உத்தேசமில்லை.