வீட்டுப் பக்கத்து ஆபீஸ்

எனக்கு ராஜபாளையத்துக்கே மாறுதல் வந்துவிட்டது என்றதும் வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர. என் வீட்டுக்காரர் ரத்தினம் யார் யாரையோ பார்த்து, யார் யார் காலையோ பிடித்து வாங்கிய உத்தரவு அது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீஸுக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்தவள் இனி நடந்தே ஆபீஸ் போகலாம். மாமியார் வேலுத்தாய் கேசரி கிண்டினாள். இதை வேண்டாம் என்று எந்தப் பைத்தியக்காரி சொல்வாள்?

நான் சொல்வேன். அந்த பஸ்ஸில்தான் நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். 1988இல் ஒரு மாத இதழில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கடைசி அத்தியாயம் பாக்கி. புரட்டாசி முடிவதற்குள் வராவிட்டால் வேறு யாரையாவது வைத்து முடித்துக்கொள்வதாக ஆசிரியர் சொல்லிவிட்டார். பெற்றது நான், பெயர் வைப்பது இன்னொருத்தியா என்று எரிச்சலாக வந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து, தோப்பும் மலையும் ஓடுவதைப் பார்த்தால் கதை தானாக வரும் என்றுதான் நான் நம்பியிருந்தேன். என் வீட்டுக்காரரைக் குறை சொல்லக் கூடாது, வீட்டில் எனக்கென்று ஒரு மேஜை வாங்கிப் போட்டார். அதில் போய் உட்கார்ந்தால், "ஏட்டி மரகதம், உளுந்து ஊறப் போட்டியா?" என்று அத்தை. "அந்த நீலச் சட்டைய எங்க வச்ச?" என்று அவர். யாரும் கூப்பிடாத நேரத்தில், இதோ கூப்பிடப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருப்பேன். எழுந்து தண்ணீர் குடிப்பேன். கொடியில் கிடக்கும் துணியை மடிப்பேன். மறுபடி உட்காருவேன். ஒரு வரி நகராது.

பொறுக்க முடியாமல், புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயில் பெருமாளைப் பார்க்க வேண்டுதல் என்று ஒரு பொய் சொன்னேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அதே பஸ், அது போதும் எனக்கு. சாமி காரியம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

நிற்கவில்லைதான். கூடவே கிளம்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் புளியோதரை கேரியரோடு அத்தை பின் சீட்டில். அவர் என் பக்கத்தில். தான் வேலை பார்க்கும் மில்லில் யார் யாருக்கு போனஸ் தகராறு என்று சொல்லிக்கொண்டே வந்தார். காகிதத்தைப் பையிலிருந்து எடுப்பதும் உள்ளே வைப்பதுமாக இருந்தேன்.

"மொகமே சரியில்லையே. ஒடம்புக்கு முடியலையா?"

"இந்த பஸ்ஸுலதான் எனக்குக் கதை வரும்."

"அதுக்குத்தான மேச வாங்கிப் போட்டேன். இந்த ஓட்ட பஸ்ஸுல அப்படி என்ன இருக்கு?"

"நீங்க யாரும் இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மலையும் இல்லை, தோப்பும் இல்லை. காலையும் மாலையும் என்னை யாரும் கூப்பிட முடியாத கொஞ்ச நேரம் இருந்தது. வேறு வேலை இல்லாததால் கதை வந்தாலும் வராவிட்டாலும் எழுதினேன். என் கற்பனையின் லட்சணம் அவ்வளவுதான்.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. எனக்கும் பாவமாக இருந்தது, ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. அவர் எழுந்து பின் சீட்டுக்கு, அத்தையிடம் போனார்.

"ஏலே, ஏன் எந்திரிச்சு வாரே?" என்றாள் அத்தை.

"அவ வேல பாக்கா. சும்மா இரும்மா."

என் எழுத்தை அவர் வேலை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. காகிதத்தை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் ஒரு வரி எழுதினேன், நன்றாக இல்லை. அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் நகர்ந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள்.

ஜன்னலுக்கு வெளியே அவர் வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப எறங்காத. இதே பஸ்ஸுல ராஜபாளையம் போயிட்டுத் திரும்பி வா. நாங்க மலைக்குப் போறோம்."

"அத்த கேட்டா?"

கேரியரை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பஸ்ஸுல இருக்கதுதான் ஒன் வேண்டுதல்னு சொல்லிக்கிடுதேன்."