சீமாட்டி சாய்ந்த தோள்

படத்தில் இருப்பது தாங்கள் இல்லை என்று சாதிப்பவர்களை இந்த செயின்ட் மோரிட்ஸ் பனிமலை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். நான்தான் என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றது அந்தப் பிப்ரவரியில் மட்டும்தான்.

ஓட்டல் மாடியில் வெயில் காய்ந்துகொண்டே தூங்கிப்போன வியன்னா சீமாட்டி ஒத்திலியின் தலை, பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் சரிந்திருந்தது. சட்டென்று படம் எடுத்துவிட்டேன். பின்னால் பனிமலை, முன்னால் ஆறிப்போன சாக்லேட் கோப்பை. நல்ல படம். ஆள் யார் என்று மட்டும் கேட்க மறந்தேன். கறுப்புக் கண்ணாடி, வெயிலில் வெந்த மூக்கு, நெஞ்சில் இரண்டு நீலக் கோடு போட்ட வெள்ளைக் கம்பளிச் சட்டை. அந்த சீசனில் வந்த ஆண்களில் பாதிப் பேர் அதே சட்டை.

நான் படம் அனுப்பும் சூரிச் பத்திரிகைக்கு, படத்தில் தெரிகிற ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் வேண்டும். போன மாதம் ஒரு பிரபுவின் மனைவியை அவருடைய அம்மா என்று எழுதிவிட்டேன். இன்னொரு தப்பு வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆசிரியர் எழுதியிருந்தார். படம் வைத்த உறை பன்னிரண்டு மணி ரயிலில் போயாக வேண்டும். மணி பதினொன்று. என் போட்டோக் கடையில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் முன்னால் இரண்டு பேர்.

"இதுல என்னய்யா சந்தேகம்? நான்தான்," என்றார் துணி ஆலை முதலாளி எக்லி.

"உங்க தோள் இவ்வளவு அகலமா? கனவு காணாதீங்க," என்றார் மிலான் வக்கீல் ரவாசி. "துமாஷ், என் பேரை எழுது."

பொன்னை உரசிப் பார்ப்பதுபோல நானும் ஒரு கேள்வி போட்டேன். "சரி சார், அம்மணி தூங்கறப்ப என்ன செஞ்சாங்க?"

"குறட்டை விட்டாங்க," என்றார் எக்லி.

"சீ! அவங்களாவது, குறட்டையாவது!" என்றார் ரவாசி.

பக்கத்தில் இருந்தவருக்குத்தானே குறட்டை கேட்டிருக்கும்? எக்லி என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். கதவும் திறந்தது. சீமாட்டியே வந்து நின்றார்.

"யாரு குறட்டை விட்டது? நான் தூங்கவே இல்லயே!"

"ரொம்ப நல்லதாப் போச்சு அம்மணி. அப்ப பக்கத்துல இருந்தது யாரு?"

அவர் படத்தைப் பார்த்தார். இரண்டு பேரையும் பார்த்தார். "கறுப்புக் கண்ணாடியப் போடுங்க." போட்டார்கள். "திரும்புங்க." திரும்பினார்கள். யார் எக்லி, யார் ரவாசி என்று எனக்கே குழம்பியது.

"என் புருஷன்னுல்ல நெனச்சேன்," என்றார் சீமாட்டி மெதுவாக. "என்னிக்கி எடுத்த படம் இது?"

"செவ்வாய்க்கெழம."

"அவர் திங்கக்கெழமயே வியன்னா போயிட்டாரே."

மூவரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நான்தான் தோளை மாற்றி வைத்தவன் போல.

மணி பதினொன்றே முக்கால். கத்தரியை எடுத்தேன். ஆணின் முகம் போயிற்று, தோள் மட்டும் மிஞ்சியது. தோளுக்கு யார் பெயர் கேட்கப் போகிறார்கள்? 'சீமாட்டி ஒத்திலி வெயில் காய்கிறார்' என்று எழுதி, ஓடிப்போய் ரயிலில் சேர்த்தேன்.

மறுநாள் ஆசிரியரின் தந்தி வந்தது: 'படம் பிரமாதம். அட்டையில் போடுகிறோம். தோள் யாருடையது? உடனே பதில்.'

தபாலாபீஸ் பெண் படிவத்தை நீட்டினாள். "சொல்லுங்க துமாஷ், எத்தன வார்த்த?"

"ஒண்ணு போதும்மா," என்றேன். "எதுன்னுதான் தெரியல."