நூற்றுப் பத்துக்குள்ளே

வெல்டருக்கு அறுபத்தெட்டு வயது. பட்டறையை விட்டு எட்டு வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் வெல்டர்தான். கட்டின மனைவியே வெளியாரிடம் "எங்க வெல்டர்" என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பன்னிரண்டு பேர் சைக்கிளில் அவர் பின்னால் கிளம்புவார்கள். மொத்தம் எண்பது கிலோமீட்டர். அதில் நடுவே பத்து கிலோமீட்டர், குன்றின் மேலுள்ள தண்ணீர்த் தொட்டி வரை, மூச்சை உறிஞ்சும் ஏற்றம். பதினோரு வருஷமாக அந்தத் தொட்டியை முதலில் தொட்டவர் அவர். எப்போதும் இரண்டாவதாக வருகிற பல் டாக்டர் அவரைவிட ஏழு வயது இளையவர். அதற்காக வெல்டர் ஒரு நாளும் அவருக்கு வழிவிட்டதில்லை.

அந்த ஏற்றத்தில்தான் ஒரு ஞாயிறு காலை நெஞ்சின் மேல் யாரோ இரும்புப் பாளத்தை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. அந்த நிலையிலும் அவர் சைக்கிளைக் கீழே போடவில்லை. ஓரமாகச் சாய்த்து வைத்து, கீறல் விழாதபடி பார்த்துக்கொண்டு, அப்புறம்தான் தரையில் படுத்தார். பல் டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அடைத்திருந்த ரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள்.

"பன்னிரண்டு வாரம்," என்றார் இதய டாக்டர். "நாடித் துடிப்பு நூத்திப் பத்தைத் தாண்டவே கூடாது. வயசானவங்களுக்குன்னு உள்ளேயே ஓட்டுற சைக்கிள் வகுப்பு இருக்கு. வாரம் ரெண்டு நாள் அங்க போங்க."

"அந்த சைக்கிள் எங்க போகும்?"

"எங்கயும் போகாது. அதனாலதான் உங்களை அங்க அனுப்புறேன்."

வெல்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள் அவள். ஆள் வாயைத் திறக்குமுன்பே என்ன சொல்லப் போகிறான் என்று தெரிந்துவிடும். "என்னைப் பார்க்காதீங்க. சொன்னதைக் கேளுங்க," என்றாள்.

வகுப்பு ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. கீழேயிருந்து இஸ்திரி வாசனையும் வெதுவெதுப்பும் ஏறி வரும். எட்டு சைக்கிள்கள், தரையில் திருகி இறுக்கியவை. ஒவ்வொன்றிலும் மிதியைக் கடினமாக்க ஒரு சிவப்புக் குமிழ். முன்னால் நாடித் துடிப்பைக் காட்டும் சின்னத் திரை. நடத்துகிற பெண் ஐம்பது வயதான பிசியோதெரபிஸ்ட். எல்லோருக்கும் அவர் டீச்சர்.

வெல்டருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்து சைக்கிளில் எழுபத்தாறு வயது அக்கா ஒருவர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, தேறி வந்தவர். அவர் மிதிக்கிற வேகத்தில் மாவரைத்தால் அடுத்த வாரம்தான் தோசை என்று வெல்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வகுப்பில் அவருக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் திரும்பிய நேரத்தில் சிவப்புக் குமிழை இரண்டு சுற்று இறுக்கினார். திரையின் மேல் துண்டைப் போட்டார். அழுத்தி மிதித்தார். ஆஹா, இதல்லவா சைக்கிள்! தொடையில் சூடு ஏறியது. நாலே நிமிஷம். துண்டுக்கு அடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் கிளம்பியது.

டீச்சர் வந்து துண்டை எடுத்தார். நூற்று முப்பத்தெட்டு.

"இறங்குங்க சார்."

"நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்."

"போன தடவையும் கீழ விழுற வரைக்கும் நல்லாத்தான் இருந்தீங்க. இறங்குங்க."

சுவரோரம் நாற்காலியில் அவரை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வகுப்பே நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டபோதுகூட வெல்டருக்கு இவ்வளவு வெட்கம் வந்ததில்லை. வகுப்பு முடிந்ததும் சுருக்கெழுத்து அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரிடம் வந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லலாமா?"

தம்பி என்று அவரைக் கூப்பிட்டு இருபது வருஷம் இருக்கும்.

"உங்க சக்கரம் உய்யுனு கத்துதா, எனக்கும் கால் தன்னால வேகமாயிடுது. எனக்கு மட்டுமில்ல, இங்க எல்லாருக்கும்தான். போன வகுப்பு முடிஞ்சு வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இடுப்பை அசைக்க முடியல. கால்வாய்க்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி வீடு இருக்கு. அதுவரைக்கும் நானா சைக்கிள்ல போகணும். அது ஒண்ணுக்காகத்தான் இங்க வரேன். கெடுத்துடாதீங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் வெல்டரைச் சுட்டது. தன் உடம்பு, தன் பாடு என்று நினைத்திருந்தார். வேகம் ஒரு தொற்று மாதிரி அடுத்தவர் இடுப்பு வரை போகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும், பழைய வெல்டிங் சாமான்கள் கிடந்த கொல்லைக் கொட்டகையைத் திறந்தார். அக்கா சைக்கிளில் ஏறும்போது டீச்சரும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் தாங்குவதை அவர் பார்த்திருந்தார். ஏறி உட்கார இரும்பில் இரண்டு படி, ஒரு கைப்பிடி, அடியில் வழுக்காத ரப்பர். அவசரப்படாமல் அளந்து, வெட்டி, பற்றவைத்து, ஓரங்களை விரலில் தடவிப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவினார். வியாழக்கிழமை வகுப்புக்கு அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர் வழியெல்லாம் நின்று நின்றுதான் ஏறினார். அக்கா யார் தயவும் இல்லாமல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்து ஒரு தரம் மணியடித்தார். அந்த சைக்கிளில் மணி கிடையாது, வாயாலேயே அடித்தார்.

அன்றைக்கு வெல்டர் ஒரு முடிவு எடுத்தார். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால், அதையும் ஒழுங்காக ஓட்டிக் காட்டுவது.

சொல்வது சுலபம். கால் பழைய பழக்கத்தில் எகிறும்; அவர் பல்லைக் கடித்து அடக்குவார். டீச்சர் ஒரு வழி சொன்னார். "திரையைப் பார்க்காதீங்க சார். பேசுங்க. முழு வாக்கியமாப் பேச முடிஞ்சா வேகம் சரி. மூச்சு வாங்கி வார்த்தை உடைஞ்சா ஜாஸ்தி."

வெல்டருக்கு அது ஏற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. முகமூடிக்குப் பின்னால் நாற்பது வருஷம் கழித்த மனுஷர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆனால் பக்கத்தில் இருந்தது சுருக்கெழுத்து அக்கா. ஆயுள் முழுக்க மற்றவர் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கியவர்.

"கல்யாணம் எப்படி ஆச்சு தம்பி?"

"அவங்க அப்பா வீட்டுல இரும்புக் கேட் உடைஞ்சிருந்தது. போய்ப் பத்தவெச்சேன்."

"அப்புறம்?"

"மறுபடி உடைஞ்சது. மறுபடி போனேன். மொத்தம் மூணு தடவை."

"அவ்வளவு மட்டமான கேட்டா?"

"கேட் நல்ல கேட்தான். உள்ள அவ இருந்தாளே, அதான்."

எட்டு சைக்கிளும் சிரிப்பில் குலுங்கின. திரையில் நூற்று நாலு.

அதற்கப்புறம் செவ்வாயும் வியாழனும் அவர் கதைக்காகவே ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி வாரம் ஒன்றாக நகர்ந்தது. ஒரு முறைகூட அவர் நூற்றுப் பத்தைத் தாண்டவில்லை.

பத்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஐந்து பேரைத் தெருவுக்கு அழைத்துப் போனார். கால்வாய்க் கரைச் சாலை, சமதளப் பாதை, நடுவில் ஒரு பாலம் மட்டும் கொஞ்சம் மேடு. கையில் கட்டியிருந்த கருவியில் நாடியைப் பார்த்தபடி வெல்டர் போனார். அக்கா அவருக்கு முன்னால், பள்ளிக்கூடப் பெண் மாதிரி முதுகு நிமிர்த்தி.

பின்னாலிருந்து சங்கிலிகளின் சரசரப்பு. பார்க்காமலே தெரிந்துவிட்டது, அவருடைய பன்னிரண்டு பேர். பல் டாக்டர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணே! வாங்க, எங்க பின்னாடி ஒட்டிக்குங்க. காத்தை நாங்க பார்த்துக்கறோம். பாலம் வரைக்கும்தான்!"

வெல்டரின் கால்கள் கட்டவிழ்த்த கன்று மாதிரி துடித்தன. வெறும் நினைப்புக்கே நாடி நூற்று ஒன்பது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு இல்லப்பா. நீங்க போங்க."

அவர்கள் போனார்கள். வளைவில் கடைசிச் சட்டை மறையும் வரை அவர் பார்த்தார். மனசு வலித்தது. வலித்தாலும் மிதியின் வேகம் மாறவில்லை.

பாலம் வந்தபோது டீச்சர் பின்னால் ஒருவருடைய கழன்ற சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். மேட்டின் பாதியில் அக்காவின் முன்சக்கரம் ஆடியது. வெல்டர் பக்கவாட்டில் போய்ச் சேர்ந்தார்.

"இறங்கிக்கலாமா அக்கா?"

"மாட்டேன். பேச்சுக் குடுங்க தம்பி. ஏதாவது பேசுங்க."

கேட் கதை, பட்டறைக் கதை எல்லாம் தீர்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லாத ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"அன்னிக்கு நெஞ்சு வலிச்சப்ப பயந்துட்டேன் அக்கா. தரையில படுத்து வானத்தைப் பார்த்துக்கிட்டு, வீட்டுல சொல்லிக்காமக் கிளம்பி வந்துட்டோமேன்னு இருந்துச்சு. இப்பவும் படியேறும்போது பயமாத்தான் இருக்கு. அவகிட்ட சொன்னதில்ல."

அக்கா மிதியிலேயே குறியாக இருந்தார். மூச்சைச் சேமித்தார். நாலு மிதி, மூன்று, இரண்டு. சக்கரம் தானாக உருண்டு இறங்கத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தார். "நான் பாலம் தாண்டிட்டேன். நீங்க வீட்டுல சொல்லிடுங்க."

மஞ்சள் பூசிய ஒரு வீட்டு வாசலில் அவருடைய தங்கை இடுப்பில் கைவைத்து நின்றார். அக்கா தாமாகவே இறங்கினார்.

வெல்டர் வீடு வந்தபோது மனைவி சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாலத்தில் சொன்னதை முதலிலிருந்து சொன்னார். டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் பயம்தாங்க," என்றாள். "கேட்டா உங்க மனசு விட்டுடுமோன்னு கேட்கல."

வெகுநேரம் பேசினார்கள். காபி ஆறி, அவள் இன்னொரு தடவை போட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் டாக்டர் வரம்பை நூற்று இருபத்தைந்தாக உயர்த்தினார். ஏற்றத்துக்கு இன்னும் ஆறு மாதம் என்றார். வெல்டர் பேரம் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் அக்காவுக்கு அடுத்த சைக்கிள் காலியாக இருந்தது. அவர் மனைவி தன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, புதுக் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

"இதுவரைக்கும் நான் மிதிச்சதே இல்லீங்க," என்றாள்.

"மெதுவா ஆரம்பி," என்றார் வெல்டர். அவளுடைய இருக்கையின் உயரத்தைச் சரிசெய்து, திருகை இறுக்கிவிட்டுத் தன் சைக்கிளில் ஏறினார்.