சூடச் சத்தியம்

பண்பொழி மலைக்கோவிலில் நடை சாத்தி ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் நாங்கள் அடிவாரத்துக்கே வந்து சேர்ந்தோம். தப்பு என்னுடையதுதான். என் மகள் மீனா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வேனைவிட்டு இறங்கி, பேத்தி நிவேதாவின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டே, "இனிமே அஞ்சு மணிக்குத்தான் தெறப்பாவொ" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. திட்டித் தீர்த்திருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்புவதாகத்தான் பேச்சு. மருமகன் முத்துகுமரன் ராயகிரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஏழரைக்கே குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. எனக்குத்தான் ஆரியங்காவில் சின்ன வெங்காயம் பத்து மூட்டை இறக்க வேண்டியிருந்தது. லோடு இருந்தது உண்மை. வெங்காயம் ஒன்றும் ஒரு நாளில் அழுகிவிடாது, மறுநாள் போயிருக்கலாம் என்பதும் உண்மை. திரும்பி வர மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது.

"குத்தாலத்துல சீசன் கூட்டம்மா. ரோடு பூரா காரு" என்றேன்.

"ஆரியங்காவுல இருந்து வாறதுக்குக் குத்தாலம் எதுக்குப்பா?" என்றாள் மீனா. என் மனைவி லோகநாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரையும் பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வாட்டி" என்றாள். பேத்தியையும் மாப்பிள்ளையையும் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

லாட்டரி நம் பக்கம் தடை. மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்து அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் குற்றம் வருமானமாகிவிடுகிறது. இருபது வருஷத்துக்கு மேலாக நான் அந்த வழியில் வண்டி ஓட்டுகிறேன். ஆரியங்காவில் டீ குடிக்காமல் திரும்பிய நாள் உண்டு, சீட்டு எடுக்காமல் திரும்பிய நாள் கிடையாது. எனக்கு மட்டுமா எடுக்கிறேன்? டெய்லர் பிச்சுமணிக்கு ஏழில் முடிகிற நம்பர் வேண்டும். இட்லிக்கடை பாலம்மாளுக்கு அவள் மகன் பிறந்த தேதி வேண்டும். மூன்று மணிக்குக் குலுக்கல் முடிவு போனில் வந்ததும் தெருவே என்னைக் கூப்பிடும். ஆயிரமோ ரெண்டாயிரமோ யாருக்காவது விழுந்தால் அன்றைக்கு நான்தான் ராசிக்காரன். விழாத நாட்களை யாரும் என் கணக்கில் வைப்பதில்லை, நானும் வைப்பதில்லை. இதைப் பழக்கம் என்று ஒரு ஆள் சொன்னது கிடையாது. ஆனால் முத்துகுமரன் போனில் ரம்மி ஆடுகிறான் என்று தெரிந்த அன்று, இதே பிச்சுமணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "சூதாட்ட வெறி அண்ணாச்சி அது. ஆளை முழுங்காம விடாது" என்றான். பாலம்மாள் உச்சுக்கொட்டினாள். நானும் தலையை ஆட்டினேன். சட்டைப்பையில் சீட்டு இருந்தது.

முத்துகுமரன் மோசமான பிள்ளை இல்லை. ராயகிரியில் உரக்கடையில் வேலை. குடி கிடையாது, பீடி கிடையாது. போன ஆனி மாசம் ஒரு நாள், பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன், வழியில் பைக்கை நிறுத்தி ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறான். அது முடிந்ததும் இன்னொரு ஆட்டம். யூகேஜி படிக்கிற பிள்ளை ஆறு மணிவரை வாட்ச்மேனோடு கேட்டில் உட்கார்ந்திருக்கிறது. மறுநாளே மீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போனைப் போட்டு அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "பெத்த பிள்ளைய விட அந்தச் சீட்டு பெருசாப் போச்சோ?" என்று கேட்டேன். என் தொண்டை வலித்ததுதான் மிச்சம்.

சூடச் சத்தியம் வைக்கலாம் என்றது நான்தான். எங்கள் குடும்பத்தில் அதற்கு மேல் கோர்ட்டு இல்லை. சாமி முன்னால் சூடத்தைக் கொளுத்தி, வாயால் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அடித்துவிட்டு மீறியவன் கையால் எங்களில் யாரும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டோம். அவன் அடித்தால் இன்றைக்கே ராயகிரிக்குப் போகிறேன் என்று மீனா சொல்லியிருந்தாள். இல்லையென்றால் திங்கட்கிழமை பிள்ளையை இங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகப் பேச்சு. அப்ளிகேஷன் பாரம் வாங்கி நிரப்பிக்கூட வைத்துவிட்டாள்.

நடை திறக்க ஐந்து மணிவரை காத்திருக்கலாம் என்றுதான் அவள் நினைத்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்கு அவளை எதிரில் வைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்க்க முடியாது. சத்தியம் முடிந்துவிட்டால் வேனைத் திருப்புகிற சாக்கில் ஒதுங்கிவிடலாம்.

"இந்தப் படியிலயே வச்சு அடிச்சிரலாம்மா. மேல இருந்தாலும் கீழ இருந்தாலும் முருகன் படிதான" என்றேன்.

மீனா என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து சூடப் பாக்கெட்டை எடுத்தாள். முதல் படியில் வெற்றிலையை விரித்து, ஒரு வில்லையை வைத்தாள். சாரல் காற்று மூன்று தீக்குச்சிகளை அணைத்தது. நான்காவதில் சூடம் பிடித்துக்கொண்டது. காற்றை மறைத்து முத்துகுமரன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் குந்தினோம். "சொல்லுங்க மாப்ள" என்றேன், பெரிய மனுஷன் மாதிரி.

"அவிய அடிப்பாவொ. அதுக்கு முன்னால நீங்க அடிங்கப்பா" என்றாள் மீனா.

"நானா? நான் எதுக்குட்டி?"

"இனிமே சீட்டு எடுக்க மாட்டேன்னு சொல்லி அடிங்க."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "லாட்டரியும் ரம்மியும் ஒண்ணா? கவர்மெண்டு விக்கிற சீட்டும்மா அது. நான் என்ன வீட்டை வித்தேனா, வாசலை வித்தேனா? ஒனக்கு என்னட்டி கொறை வச்சேன்?"

"நான் ஏழாப்பு படிக்கையில, கண்ணாடி வாங்கணும்னு என்னைய செங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில உக்கார வச்சிட்டு, இந்தா வந்திருதேன்னு ஆரியங்காவுக்குப் போனீங்க. எத்தன மணிக்கு வந்தீங்கன்னு ஞாபகம் இருக்காப்பா?"

எனக்கு ஞாபகம் இருந்தது அல்வாதான். அன்றைக்கு ஐந்நூறு ரூபாய் விழுந்தது. அரைக் கிலோ அல்வா வாங்கி, அவளுக்கு ஊட்டிவிட்டேன். இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! பிச்சுமணிக்கே பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"லைட்டு போட்டுட்டாங்க" என்றாள் மீனா. "அடக்கமாட்டாம பாவாடை நனைஞ்சு போச்சுன்னு எந்திரிக்காமலேயே உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவங்கல்லாம் பாத்தாங்க. நீங்க வந்து வாயத் தெற வாயத் தெறன்னு அல்வாவ ஊட்டுனீங்க."

அவள் அழவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மருமகன் எதிரில் சொன்னாளே என்று கோபமும் வந்தது. முத்துகுமரனைப் பார்த்தேன். அவன் முகத்தில் கேலி இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனுக்கு இடம்விடுகிற மாதிரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான்.

ஒரு அடிதான். நான் அடித்துவிட்டால் அவனும் அடிப்பான், இவள் ராயகிரிக்குப் பெட்டியைக் கட்டிவிடுவாள், பிள்ளை அப்பனோடு போய்விடும். இத்தனையும் தெரிகிறது. ஆனால் நாளைக்கு மறுபடி ஆரியங்காவுக்குப் போக வேண்டும். அந்த டீக்கடை, கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்குகிற சீட்டுகள், "அண்ணாச்சிக்கு எந்த நம்பர் வேணம்?" என்று கேட்கிற மலையாளத்துக்காரன். பொய்ச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் கிடையாது. உண்மையான சத்தியம் செய்யவும் கிடையாது என்று அந்தப் படியில்தான் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பத்து மூட்டை வெங்காயம் தூக்குகிற ஆள், ஒரு வில்லைச் சூடத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

சூடம் இளகி, வெற்றிலை கருக ஆரம்பித்தது.

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பிச்சுமணியாகத்தான் இருக்கும். போனுக்குப் பின்னால் ஏழு சீட்டுகள், அதில் மூன்று என்னுடையவை. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"தாத்தா, போனு அடிக்குது" என்றாள் நிவேதா.

என் வலது கை முழங்காலைவிட்டு எழுந்தது. சூடத்துக்கும் சட்டைப்பைக்கும் நடுவில் அது நின்றதை நாங்கள் நாலு பேரும் பார்த்தோம். சுடர் ஒரு விரல்நுனி அளவுக்கு இறங்கிவிட்டது. மீனா சூடப் பாக்கெட்டிலிருந்து இன்னொரு வில்லையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.