மூன்றே முக்கால் மணி நேரம்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஓர் இணையப் பக்கத்தில் கிடைத்தது. வேறெதையோ தேடப்போய், கோயமுத்தூரிலிருந்து அசாமின் திப்ருகருக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லும் பக்கத்தில் போய் விழுந்தேன். ஏறத்தாழ இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். பறக்கும் நேரம் மூன்றே முக்கால் மணி. இதை யார் தேடுவார்கள்? போய்வந்து பழகியவர்கள் தேடமாட்டார்கள். வேண்டியவர் ஒருவர் அங்கே இருந்தும், ஒரு தடவைகூடப் போகாதவன்தான் தேடுவான். அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எழுதிவிடுவேன்.

2.

விமானத்தின் சன்னல் வழியே லோகப்பிரியா கீழே—

வேண்டாம். அவளை இன்னும் ஏற்றவே இல்லை. கோயமுத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிருபாசங்கரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவனுக்குக் காங்கேயத்தில் கல்யாணம். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு இணைச்சீர் என்னும் சடங்கு. மாப்பிள்ளை கூறைச்சேலையின் ஒரு நுனியைப் பிடிக்க, அவனுடைய உடன்பிறந்தவள் மறுநுனியைப் பிடித்து நிற்க வேண்டும். (உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் நிற்கலாம். சித்தப்பா மகள் ரித்திகா தயாராகத்தான் இருந்தாள்.) ஆனால் அவனுக்கு அக்கா இருக்கிறாள். ஆறு வருடத்துக்கு முன் அசாம்காரரைக் கட்டிக்கொண்டு திப்ருகருக்குப் போன லோகப்பிரியா. அன்றிலிருந்து அம்மா கனகம் அவளோடு பேசுவதில்லை.

அக்காதான் நிற்க வேண்டும் என்று கிருபாசங்கர் ஒற்றைக்காலில் நின்றான். ஆனால் அம்மாவை அவசரப்படுத்தவில்லை. மூன்றே முக்கால் மணிதானே, காலையில் சரி என்றாலும் மாலைக்குள் வந்துவிடலாம் என்று இருந்துவிட்டான். சீர் நாளன்று விடியற்காலையில்தான் கனகம், "வரச் சொல்லு போ" என்றாள்.

3.

"அக்கா, டிபன் சாப்பிட்டுட்டு மெதுவாக் கெளம்புனாலும் வந்தர்லாமுங்க. மூணே முக்கா மணி நேரந்தானுங்க."

"இங்கிருந்து அங்க நேரா ப்ளேனே இல்லடா. ரெண்டு எடத்துல மாறோணும்." போனைத் தோளில் இடுக்கியபடி லோகப்பிரியா அலமாரியிலிருந்து சேலையை எடுத்தாள். "ஆறு வருசத்துல ஒருக்கா இங்க வர டிக்கெட் பாத்திருந்தீன்னா உனக்கே தெரிஞ்சிருக்கும் கண்ணு."

(இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். தம்பியிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுவாளா? பேசட்டும், அவளுக்கு உரிமை உண்டு.)

ஆனாலும் உடனே கிளம்பிவிட்டாள்.

4.

இனி முடிவு. கதைதானே, ஒரு நேர் விமானத்தை விட்டுவிடலாம். விட்டால் கிருபாசங்கர் சுலபமாகத் தப்பித்துவிடுவான். அல்லது ரித்திகா நிற்கிறாள், சீர் முடிகிறது, எல்லாரும் சாப்பிடப் போகிறார்கள். இது நடக்கக்கூடியதுதான். அதனாலேயே எனக்கு எழுதக் கை வரவில்லை.

ஏழு மணிக்குப் போன் வந்தது. லோகப்பிரியா சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தாள். மண்டபத்துக்கு வரப் பன்னிரண்டாகிவிடும். சீர் நடத்தும் அருமைக்காரர், "நேரமாச்சுங்க, இந்தப் பாப்பாவ நிக்கச் சொல்லுங்க" என்றார். ரித்திகா முன்னால் வந்தாள். கனகம் மகன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எப்பக் கெளம்புனே அம்மணி?"

"காத்தால எட்டு மணிக்குங்மா. இப்பத்தான் சென்னை வந்துருக்கேன்."

"அத்தன தூரத்துலயா இருக்கறே?"

லோகப்பிரியா அழுதுவிட்டாள். கனகம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

முகூர்த்தம் விடிகாலை நாலரைக்கு. சீர் முடியாமல் இலை போடமாட்டார்கள். காத்திருப்பது என்றால் மண்டபத்தில் இருநூறு பேர் ஐந்து மணி நேரம் பசியோடு இருக்க வேண்டும். சேலையின் மறுநுனியும் கிருபாசங்கர் கையில்தான் இருக்கிறது. ரித்திகா கையை நீட்டிவிட்டாள். அருமைக்காரர் அவனைப் பார்க்கிறார், அவன் அம்மாவைப் பார்க்கிறான். இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் தூரத்தில் யாராவது இருப்பார்கள். ரித்திகாவிடம் கொடுப்பதா, அக்கா வரும்வரை பிடித்துக்கொண்டே நிற்பதா என்று நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.