இரண்டு காலிக் குப்பிகள்

அவாதிஃபுக்கு முட்டியில் அறுவை முடிந்து மறுநாளும் கால்கள் அசையவில்லை. முதுகில் போட்ட ஊசியின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டிருக்க வேண்டும். ஊசி போட்டவர் என் கணவர் வக்தி. எனக்கு அவர் மேல்தான் சந்தேகம்.

அலெக்சாந்திரியாவில் நாங்கள் இருவரும் மயக்க மருந்து டாக்டர்கள். தண்டுவட நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு மரப்பு மருந்து போட்டால் ஆபத்தில்லை என்று சேர்ந்தே ஆராய்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களும் வேண்டும். அவாதிஃபை நோயில்லாதவர்களில்தான் சேர்த்திருந்தோம். அறுவை அன்று ஊசித் தட்டில் இரண்டு காலிக் குப்பிகள் கிடந்ததைப் பார்த்தேன். போட வேண்டியது ஒன்று.

“ஒண்ணு உடைக்கும்போதே கை நழுவிருச்சு, இன்ஷிராஹ். மருந்தெல்லாம் கீழ போயிருச்சு,” என்றார் வக்தி.

“அது எப்படி உங்க கையில மட்டும் நழுவுது?”

“போலீஸ்காரியக் கட்டிக்கிட்டேன்னு தெரியாமப் போச்சே!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அன்ஃபூஷி கடற்கரையில் நாளெல்லாம் நின்று மீன் பொரித்து விற்பவள் அந்த அம்மாள். கால் போனால் என்ன செய்வாள்? நேராகத் தலைமை டாக்டரிடம் போய், வக்தி மருந்தைக் கூட்டிப் போட்டிருப்பார் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அவாதிஃபிடம் போனேன்.

“ஊசிக்கு முன்னாடி கால் நல்லா இருந்துச்சாம்மா?”

“அல்ஹம்துலில்லாஹ்.”

வக்தியிடமும் இந்த ‘இறைவனுக்கே புகழ்’ என்பதைத்தான் சொல்லியிருப்பாள். அவரும் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார். வீடு இடிந்தவனும் இந்த ஊரில் இதையேதான் சொல்வான்.

“அல்லாஹ்வுக்குச் சொன்னது சரி. எனக்குச் சொல்லுங்க. மரத்திருந்துச்சா, இல்லையா?”

“மரத்துத்தான் கிடந்துச்சு மகளே, ரமலான்லேர்ந்தே. செருப்பு கழண்டாக்கூடத் தெரியாது. கொதிக்கிற எண்ணெய் பாதத்துல தெறிச்சுது, நான் சும்மா நிக்கிறேன், மருமகதான் கத்துறா! அல்லாஹ் குடுத்ததைக் குறை சொல்லலாமா?”

உடனே ஸ்கேன் எடுத்தோம். தண்டுவடத்தை ஒரு கட்டி நெருக்கிக்கொண்டிருந்தது. ஊசி குத்தியதில் தண்டுவட நீரின் அழுத்தம் மாறி, கட்டி இன்னும் நெருக்கிவிட்டது. இப்போதே எடுத்தால் நடக்க வாய்ப்புண்டு என்று அவளை அறுவைக்குக் கொண்டுபோனார்கள்.

ஓடிப்போய் வக்தியிடம் சொன்னேன். “கட்டிதாங்க. நீங்க மருந்தைக் கூட்டிப் போடலை.”

அவர் முகம் வெளுத்திருந்தது. “தலைமை டாக்டர் கூப்பிட்டு விசாரிச்சாரு,” என்றார். “புகார் சொன்னதே உங்க மனைவிதான்னாரு. இன்ஷிராஹ் அப்படிச் செய்யவே மாட்டான்னு அவர்கிட்ட சண்டை போட்டுட்டு வர்றேன்.”